இரண்டு பேட்டரி, எழுதாமல் விட்ட ஒரு வரி: பேரறிவாளன் வழக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரறிவாளன் பெயர் வந்தாலே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "பேட்டரி வாங்கிக் கொடுத்ததுக்கா 31 வருஷம்?" என்பார் ஒருவர். "ராஜீவைக் கொன்னவனுக்கு வெடி வெடிச்சு வரவேற்பா?" என்பார் இன்னொருவர். வழக்கின் முடிச்சு இந்த இரண்டு பேச்சிலும் இல்லை. அந்த பேட்டரி எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் அதைச் சுற்றியே போகும்.

வழக்கைத் தெரியாத தலைமுறைக்காக ஒருமுறை சொல்லுங்களேன்.

1991 மே 21 இரவு, தேர்தல் பிரசாரத்துக்காக ஸ்ரீபெரும்புதூர் வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியை, தணு என்ற பெண் இடுப்பில் கட்டியிருந்த வெடிகுண்டை வெடிக்கச் செய்து கொன்றார். காவலர்கள், கட்சிக்காரர்கள், பொதுமக்கள் என்று பலர் உடன் இறந்தார்கள். சதியை நேரில் நின்று நடத்திய சிவராசன், ஆகஸ்ட் மாதம் பெங்களூர் அருகே கோணனகுண்டேயில் போலீஸ் வளைத்தபோது தற்கொலை செய்துகொண்டார். சிபிஐயின் சிறப்புப் புலனாய்வுக் குழு 41 பேரைக் குற்றம்சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தது. அதில் 12 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா மூவரும் தலைமறைவு. மீதி 26 பேர்தான் கூண்டில் நின்றார்கள்.

அந்த 26 பேரில் ஒருவர் அறிவு என்கிற பேரறிவாளன். ஜோலார்பேட்டைக்காரர், திராவிடர் கழகக் குடும்பம், எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவர். 1991 ஜூன் 11 அன்று விசாரணைக்கென்று அழைத்துப் போனபோது வயது 19. விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித்தான் பெற்றோரே அவரை ஒப்படைத்தார்கள் என்பது தாயார் அற்புதம்மாள் எல்லா மேடையிலும் சொல்லி வந்தது.

பேட்டரி வாங்குவது ஒரு குற்றமா?

இல்லை. அரசுத் தரப்பும் அப்படி வாதாடவில்லை. 9 வோல்ட் பேட்டரி அன்றைக்கு எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைத்தது. பேரறிவாளன் மீதான குற்றச்சாட்டு கொலைச் சதியில் பங்கு, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, 120-பி பிரிவுகள். சதி என்றால் ஒரு குற்றத்தைச் செய்வதென்று உடன்பட்டிருக்க வேண்டும். உடன்பட வேண்டுமானால் முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீடு பிடித்துக் கொடுத்தவர், வண்டி ஓட்டியவர், சோறு போட்டவர் எல்லாரும் சதிகாரர் ஆகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றமே இந்த வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே "பேட்டரிக்குத் தூக்கா?" என்று கேட்பவர்கள் தங்கள் தரப்பைத் தாங்களே பலவீனமாக்குகிறார்கள். கொலை செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தே கொடுத்திருந்தால், தீப்பெட்டி கொடுத்தவரும் சதிகாரர்தான். தெரியாமல் கொடுத்திருந்தால், அதே பேட்டரி வெறும் கடைச் சாமான்.

தெரிந்துதான் கொடுத்தார் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டினார்கள்?

முதன்மையானது அவருடைய வாக்குமூலம். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கி சிவராசனிடம் கொடுத்தேன், அவற்றைக் கொண்டுதான் அவர் குண்டை வெடிக்க வைத்தார் என்று அதில் பதிவாகியிருந்தது.

இதை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். முதல் பாதி பேட்டரி வாங்கிய நாளைப் பற்றியது. இரண்டாவது பாதி குண்டு வெடித்த பிறகு மட்டுமே யாரும் சொல்லக்கூடியது. மே 21க்குப் பிறகு பிடிபட்டவருக்கு, அந்த பேட்டரி எங்கே போயிற்று என்பது விசாரணை அறையிலேயே தெரிய வந்திருக்கும். கொடுக்கும்போதே தெரியும் என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், தெரிந்தே கொடுத்ததுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதே?

பொதுவாகச் செல்லாது. அடித்து எழுதி வாங்குவார்கள் என்ற பயம் வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்துக்கே இருந்தது. 25ஆம் பிரிவு அதற்காகத்தான். ஆனால் இந்த வழக்கு தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தது. தடாவின் 15ஆம் பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. அப்படி இந்த வழக்கில் 17 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தவர் சிபிஐ எஸ்.பி. தியாகராஜன். சித்திரவதை செய்து வாங்கியவை என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் பின்னர் மறுத்தார்கள். புலனாய்வுக் குழு இயங்கிய சென்னை "மல்லிகை" கட்டடத்தின் பெயர் அந்தப் புகார்களோடு சேர்ந்தே நினைவுக்கு வரும்.

தடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறப்பு நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குத்தான். சாதாரணக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். சாட்சியங்களை முழுக்க மறுபடி அலசும் கட்டம் அது. 26 பேருக்குத் தூக்கு விதித்த வழக்கில் அந்தப் படியே இல்லை.

ஆனால் தடாவே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாமே?

சொன்னது. 1999 மே 11 தீர்ப்பில் நீதிபதிகள் கே.டி.தாமஸ், டி.பி.வாத்வா, எஸ்.எஸ்.எம்.காத்ரி மூவரும், இந்தக் கொலை தடாவில் சொன்ன பயங்கரவாதச் செயலுக்குள் வராது என்று முடிவு செய்து, அந்தப் பிரிவுகளில் வழங்கிய தண்டனையை ரத்து செய்தார்கள். அப்படியானால் தடாவின்படி வாங்கிய வாக்குமூலங்களும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. தடாக் குற்றத்தோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மற்ற குற்றங்களுக்கும் அந்த வாக்குமூலம் செல்லும் என்று அதே தீர்ப்பு சொன்னது.

சட்டத்தின் வரிகளை வைத்துப் பார்த்தால் இதற்கு நியாயம் சொல்லலாம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, வீட்டை இடித்துவிட்டு நிலைக்கதவை மட்டும் நிறுத்தி வைத்ததுபோலத்தான் தெரியும்.

தியாகராஜன் சொன்னது என்ன?

ஓய்வுபெற்ற பிறகு, 2013 நவம்பரில், அவர் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் தன்னிடம் சொன்னதாகவும், அந்தப் பகுதியைத் தான் பதிவில் சேர்க்கவில்லை என்றும் சொன்னார். அதைச் சேர்த்திருந்தால் அது குற்ற ஒப்புதல் வாக்குமூலமாகவே இருந்திருக்காது என்பதையும் அவரே விளக்கினார். 2017இல் இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தார்.

கடைசியில் சொன்ன அந்தக் காரணம்தான் உறுத்துகிறது. தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். ஒப்புக்கொள்ளாதவன் சொன்னதை, ஒப்புக்கொண்டதாக மாற்றுவதற்கு ஒரே ஒரு வரியை எடுத்தால் போதுமானதாக இருந்திருக்கிறது.

22 வருஷம் வாயைத் திறக்காதவர் பேச்சை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றபோது சொல்லியிருக்க வேண்டும். 1998இலோ 1999இலோ சொல்லியிருந்தால் ஒரு ஆளின் கழுத்தில் கயிறு விழுந்திருக்காமலே போயிருக்கலாம். மனசாட்சி இவ்வளவு தாமதமாக விழித்துக்கொண்டது ஏன் என்பதற்கு அவரிடம் முழுத் திருப்தியான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதால் அவருக்கு லாபம் ஏதும் இல்லை. தன் வேலையில் தானே கறை பூசிக்கொண்டார். வாக்குமூலத்தின் நம்பகத்தன்மை முழுக்க அதை எழுதிய அதிகாரியின் நேர்மையில்தான் நிற்கிறது. 1991இல் அவர் எழுதியதை நம்புவோம், 2013இல் அவர் சொன்னதை நம்ப மாட்டோம் என்றால், ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தைக் குறுக்கு விசாரணை செய்துதான் கண்டுபிடிக்க முடியும். தான் விட்டுவிட்ட வரியைப் பற்றி அவரை எந்த நீதிமன்றமும் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை.

அவர் பேச்சைத் தவிர வேறு சான்று உண்டா?

உண்டு. அது அரசுத் தரப்பே பிடித்த சான்று. 1991 மே 7 அன்று சிவராசன், யாழ்ப்பாணத்தில் இருந்த பொட்டு அம்மானுக்கு அனுப்பிய வயர்லெஸ் செய்தி. சங்கேதம் உடைத்துப் படித்தபோது, நம் நோக்கம் எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்ற பொருள் அதில் இருந்தது. மூவர் என்றால் சிவராசன், தணு, தணுவின் கூட்டாளி சுபா. தியாகராஜனும் தன் பிரமாண வாக்குமூலத்தில் இந்தச் செய்தியைக் காட்டுகிறார்.

சிவராசன் எப்படிப்பட்ட ஆள் என்பதோடும் இது பொருந்துகிறது. ஊரில் பழகியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, முழுப் படத்தை யாருக்கும் காட்டாமல் நடத்தியவர்.

ஆனால் மே 7க்குப் பிறகும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருக்கிறது. சொல்லியிருக்கலாம் என்பது வேறு, சொன்னார் என்று நிரூபிப்பது வேறு.

அப்படியானால் பேட்டரியைத் தவிர அவர் மேல் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. ஆதரவாளர்கள் பலர் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விடுதலைப் புலிகளோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. 1990இல் யாழ்ப்பாணம் போய் வந்தவர். சிவராசனோடு நெருங்கிப் பழகியவர். 1991 மே மாதத் தொடக்கத்தில் சிவராசனின் உபயோகத்துக்காக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க, பொய்யான முகவரி கொடுத்தார். மே 7 அன்று சென்னை நந்தனத்தில் வி.பி.சிங் பேசிய கூட்டத்துக்கு சிவராசன் கூட்டத்தோடு போனார். அந்தக் கூட்டத்தைக் கொலைக்கான ஒத்திகை என்று சிபிஐ சொன்னது. ஸ்ரீபெரும்புதூரில் படம் பிடிக்கப் போய் அங்கேயே செத்த ஹரிபாபுவும் அன்று நந்தனத்தில் இருந்தார். மற்றவர்களின் வாக்குமூலங்களிலும் அறிவின் பெயர் வருகிறது. அந்த வாக்குமூலங்களைச் சக குற்றவாளிகளுக்கு எதிராக நேரடிச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி தாமஸ் அதில் மாறுபட்டார். துணைச் சான்றாக மட்டுமே பயன்படும் என்பது அவர் கருத்து.

எனவே, ஏதும் அறியாத வழிப்போக்கனைப் பிடித்துப் போட்டார்கள் என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. சிவராசன் சட்டத்துக்குப் புறம்பாக ஏதோ செய்கிறார் என்று பேரறிவாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொய் முகவரிக்கு வேறு விளக்கம் தேடுவது கடினம். ஆனால் 1991இல் தமிழ்நாட்டில் புலிகளுக்கு வண்டி, மருந்து, எலக்ட்ரானிக்ஸ் சாமான், அச்சு வேலை செய்து கொடுத்தவர்கள் ஏராளம். கடத்தல் என்று தெரிந்து உதவுவதற்கும் ராஜீவைக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்து உதவுவதற்கும் நடுவே உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைத் தாண்ட அரசுத் தரப்புக்கு இருந்த முக்கியமான பாலம் அந்த வாக்குமூலம்தான்.

26 பேருக்கும் தூக்கு என்றார்கள், கடைசியில் ஏழு பேரா?

ஆமாம். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 288 சாட்சிகளை விசாரித்து, 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கும் ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு. நளினிக்கு மட்டும் ஆயுள் போதும் என்று நீதிபதி தாமஸ் தனித்து எழுதினார். 2000இல் அவர் தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆட்கள் அடுத்த கட்டத்திலேயே விடுபட்டார்கள் என்றால், முதல் நீதிமன்றத்தின் தராசு எப்படி இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். விடுபட்டவர்களில் பலருக்கு உதவியது "தெரிந்திருந்தது என்று நிரூபணம் ஆகவில்லை" என்ற அதே அளவுகோல்தான்.

குண்டைச் செய்தது யார் என்று கண்டுபிடித்தார்களா?

செய்தவர் என்று யாரும் கூண்டில் நிறுத்தப்படவில்லை. அது இடுப்புவார் குண்டு என்பதையும் தணுதான் மனித வெடிகுண்டு என்பதையும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பி.சந்திரசேகரன் நிறுவினார். ஆனால் அதை எங்கே, யார், எப்போது பொருத்தினார்கள் என்ற கதை முழுமையாக வெளிவரவில்லை. பெரிய சதியை விசாரிக்க 1998இல் அமைத்த பல்நோக்குக் கண்காணிப்பு முகமையின் விசாரணை ஆண்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. பேரறிவாளனே இதைக் கேள்வி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். குண்டு செய்யப்பட்ட விதமே தெரியாதபோது, பேட்டரி கொடுத்தவரின் மனத்தில் இருந்தது மட்டும் சந்தேகமற நிரூபணமானது என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

2022இல் விடுதலை செய்தார்களே, அப்போதே நிரபராதி என்று ஆகிவிட்டதே?

ஆகவில்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்ட இடம் இது.

முதலில் 2014 பிப்ரவரி 18. கருணை மனுவை ஜனாதிபதி மாளிகை 11 வருடம் கிடப்பில் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக, தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. அதற்கு முன் 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாளே குறித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்ததால் தப்பினார்கள். தியாகராஜன் வாய் திறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

அடுத்து 2022 மே 18. 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை அரசியல் சட்டத்தின் 161ஆவது பிரிவின்படி விடுதலைக்குப் பரிந்துரை செய்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்து கடைசியில் ஜனாதிபதிக்கு அனுப்பினார். அமைச்சரவையின் ஆலோசனைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், இந்தத் தாமதத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்று சொன்ன நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய், போபண்ணா அமர்வு, 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவர் தண்டனையை அனுபவித்து முடித்ததாகக் கருதி விடுவித்தது. தண்டனை முடிந்தது என்றுதான் தீர்ப்பு. குற்றம் செய்யவில்லை என்று எங்கும் இல்லை. மற்ற ஆறு பேரும் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று இதே வழியில் வெளியே வந்தார்கள்.

சிறையில் நன்றாகப் படித்தாரே, அதை வைத்துச் சொல்ல முடியாதா?

பிளஸ் டூவில் 1,200க்கு 1,096 வாங்கினார், எம்சிஏ முடித்தார். விடுதலைக்கு நன்னடத்தை ஒரு காரணம். குற்றமின்மைக்கு அது சான்று ஆகாது, குற்றவாளியும் படிப்பான்.

அன்று செத்த மற்றவர்களின் குடும்பங்களை யாராவது நினைத்தார்களா?

போதுமான அளவு நினைக்கவில்லை. விடுதலை நாளில் முதலமைச்சர் கட்டியணைத்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டி நின்றார்கள். பாதுகாப்புப் பணியில் செத்த காவலர்களின் வீடுகளுக்கு அன்று எவ்வளவு பேர் போனார்கள்? அந்தக் குடும்பங்களின் கோபத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. அதே நேரம், உண்மையாகத் திட்டமிட்டவர்கள் யார், குண்டைச் செய்தது யார் என்று முழுதாகத் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம். இந்தச் சந்தேகங்களைக் கேட்பது அவர்களுக்கு எதிரான காரியம் அல்ல.

சரி, உங்கள் தீர்ப்பு என்ன?

பேரறிவாளனுக்கு எதுவுமே தெரியாது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கொலைச் சதி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்றே நினைக்கிறேன். எழுதியவரே குறை சொல்லும் ஒரு வாக்குமூலத்தின் மேல், தூக்குத் தண்டனை ஒருபோதும் நின்றிருக்கக் கூடாது. 2017இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதி, இவர்கள் விஷயத்தில் பெருந்தன்மை காட்டும்படி கேட்டவர், தூக்கை உறுதி செய்த அமர்வின் தலைவரான கே.டி.தாமஸ்தான்.

வழக்கை இனி மறுபடி எடுக்க வழி உண்டா?

ஏறக்குறைய இல்லை. சீராய்வு மனு 1999 அக்டோபரிலேயே தள்ளுபடியானது. தியாகராஜனின் பிரமாண வாக்குமூலம் வந்த பிறகு, 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறும்படி பேரறிவாளன் கேட்டார். 2018 மார்ச்சில் அதுவும் தள்ளுபடி. பிரிட்டனில் முடிந்துபோன வழக்குகளில் புதுச் சான்று வந்தால் அலசிப் பார்த்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பவென்றே 1997 முதல் ஒரு தனி ஆணையம் இயங்குகிறது. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. தவறாக வழக்குத் தொடுக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் பற்றி நம் சட்ட ஆணையம் 2018இல் 277ஆவது அறிக்கையைக் கொடுத்தது. அதுவும் பெரும்பாலும் இழப்பீடு பற்றியது. பதிவேடுகளில் பேரறிவாளன் இன்றும் கொலைச் சதிக் குற்றவாளி.